பழத்துண்டும் இனிப்பு வறுவலும்

மதுரையில் வைகைக்குத் தென்கரையில் உள்ள சிம்மக்கல், மாவட்ட மைய நூலகத்துக்கும் பழக்கடைகளுக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடம். படிக்க வருபவரும் பழம் வாங்க வருபவரும் ஒரே நடைபாதையில் இடித்துக் கொள்வார்கள். கோடைக்காலத்தில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் கால் மணி நேரத்தில் ஒரு சிற்றுண்டி செய்து கொடுக்கலாம். பழங்களைப் பொடியாக நறுக்கி, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்து, கரண்டிக்குப் பதிலாக மொறுமொறுப்பான இனிப்பு வறுவலால் அள்ளிச் சாப்பிடுவதுதான் அது. மைதா மாவிலோ மீந்த சப்பாத்தியிலோ வறுவலை வீட்டிலேயே செய்யலாம்.

எளிய பண்டம்தான். ஆனால் அந்தத் தட்டில் இருப்பவை எங்கிருந்து வந்தன, யார் உழைப்பால் வந்தன என்று பார்த்தால் பாதி உலக வரலாறு அதில் அடங்கியிருக்கிறது. அதனுடன் ஓர் இயற்பியல் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பழம் நீர் நிறைந்த பொருள். வறுவலோ நீரை விரட்டி அடித்துச் செய்த பொருள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் என்ன ஆகும்?

முதலில் மதுரைக்கே வருவோம். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்ட நெடும்பாட்டு. அதில் நகரத்து மக்கள் உண்ணும் பொருள்களைப் புலவர் ஓரிடத்தில் அடுக்கிச் சொல்கிறார். பலாச்சுளை வருகிறது. பல வகை மாங்கனி வருகிறது. வேறு காய்களும் பழங்களும் வருகின்றன. அவற்றோடு இனிய பாகினால் ஆன கட்டியும் வருகிறது. பின்னர் முதல் யாமம் கழிந்து கடைகள் அடைத்த பிறகு, பண்டம் விற்கும் கூவியர் உறங்கிக்கொண்டிருக்கும் காட்சியைக் காட்டுகிறார். அவர்களிடம் உள்ள பண்டங்களில் ஒன்று தேனடையைப் போன்ற மெல்லிய அடை. உள்ளே பூரணம் வைத்த மோதகமும் உண்டு.

அந்தத் தேனடை உவமையை இயற்பியல் படித்தவர் எளிதில் கடந்து போக முடியாது. அடையில் துளைகள் எப்படி விழுகின்றன? மாவிலுள்ள நீர் சூடேறி ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு பருமன் பெருகும். அந்த ஆவி மாவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும் வழியே துளையாகி நிலைத்துவிடுகிறது. நீராவிப் பொறியை ஓட்டிய அதே விரிவு, அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மதுரைத் தெருவில் அடை சுட்டுக்கொண்டிருந்தது.

ஆக, பழமும் பாகும் பலகாரமும் இந்த ஊருக்குப் புதியவை அல்ல. ஆனால் அன்றைய தட்டும் இன்றைய தட்டும் ஒன்றல்ல. மாவும் பலாவும் அன்றும் இருந்தன. இன்று நாம் நறுக்கிப் போடும் அன்னாசி, பப்பாளி, கொய்யா மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பழங்கள். கொலம்பஸ் 1493ஆம் ஆண்டு தம் இரண்டாம் பயணத்தில் குவாதலூப் தீவில் அன்னாசியைக் கண்டார். அடுத்த நூறாண்டுக்குள் போர்ச்சுகீசியக் கப்பல்கள் அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்துவிட்டன. பறங்கியர் துறைமுகங்களில் கிடைக்கும் இந்தப் பழம் ஆக்ராவிலுள்ள தம் தோட்டத்தில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் விளைவதாகப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் பெருமையோடு எழுதினார். 1583 முதல் 1588 வரை கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரர், 1596இல் வெளியிட்ட நூலில் பப்பாளியைக் குறிப்பிடுகிறார். பெயர்களே இவற்றின் கடவுச்சீட்டு. அன்னாசி என்பது தென் அமெரிக்கத் துப்பி மொழிச் சொல், போர்ச்சுகீசியர் வாய் வழியாக நமக்கு வந்தது. சப்போட்டா மெக்சிகோவின் பழங்குடி மொழிச் சொல்.

வறுவலின் மேல் தூவும் சர்க்கரையின் கதை இதைவிட நீளமானது. கரும்பு முதன்முதலில் பயிரானது நியூகினித் தீவில். அதியமானின் முன்னோர் தமிழகத்துக்குக் கரும்பைக் கொண்டு வந்தனர் என்று ஔவையார் பாடியது புறநானூற்றின் 99ஆம் பாட்டில் உள்ளது. கரும்புச் சாற்றைக் காய்ச்சி, உறையவைத்து, மணிமணியான படிகமாக்கும் வித்தை இந்தியாவில் தோன்றியது. சர்க்கரை என்பதன் மூலமான வடசொல்லுக்குப் பருக்கைக் கல் என்பதே பழைய பொருள். அச்சொல்லே பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் போயிற்று. சீனப் பேரரசர் தாய்சோங், சர்க்கரை செய்யும் முறையைக் கற்று வர 647ஆம் ஆண்டில் மகதத்துக்கு ஆளனுப்பினார். கற்றுக்கொண்டவர்கள் நம்மைவிட வெண்மையான சர்க்கரையைச் செய்து திருப்பி அனுப்பினார்கள். மதுரைக்காரர்கள் இன்றும் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். சீனத்திலிருந்து வந்ததால் சீனி. கற்றுக்கொடுத்தவன் வீட்டிலேயே கற்றவன் பெயர் நிலைத்துவிட்டது!

ஆனால் நெடுங்காலம் இது ஏழை வீட்டுப் பொருள் அல்ல. ஒரு குடும்பம் பிள்ளைகளின் பலகாரத்தின் மேல் சீனியைத் தாராளமாகத் தூவக்கூடிய நிலை எப்படி வந்தது? இந்த இடத்தில் வரலாறு கசக்கத் தொடங்குகிறது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால்தான் சர்க்கரை மலிந்தது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. தோட்ட முதலாளிகள் உடனே வேறு கைகளைத் தேடினார்கள். 1834 முதல் மொரீஷியஸுக்கு இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறைமுகத்தில் ‘துரூரோ’ என்ற கப்பல் வந்து நின்றது. நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் கூலிகளை ஏற்றிக்கொண்டு அது புறப்பட்டது நம் சென்னைத் துறையிலிருந்து. 1879 முதல் பிஜித் தீவுக்கும் கப்பல்கள் போயின. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று கைநாட்டு வைத்துப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. உலகச் சந்தையில் சர்க்கரை விலை இறங்கியதற்கு ஆலை இயந்திரங்களைப் போலவே இவர்களும் காரணம். இதைச் சொல்லாமல் சர்க்கரையின் வரலாறு எழுதுவது, எனக்குத் தெரிந்தவரை, பாதிக் கணக்கை மறைப்பதாகும்.

இந்தியாவுக்குள் ஆலைச் சர்க்கரை பெருகியது 1932ஆம் ஆண்டின் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகுதான். இறக்குமதிச் சர்க்கரைக்கு வரி விதித்ததால், முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் நூற்று முப்பதைத் தாண்டின.

சர்க்கரையோடு சிலர் சிறிது பட்டைத்தூளும் கலப்பார்கள். நல்ல மணம் தரும் அசல் இலவங்கப்பட்டை இலங்கைக்கு உரியது. அதற்காகவே போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் அங்கே மாறி மாறிச் சண்டையிட்டனர். கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் டச்சுக்காரர் கைக்குப் போயின. அப்போது பட்டை தோட்டத்தில் விளையவில்லை, காட்டில்தான் கிடைத்தது. அதை உரிப்பது சலாகம என்னும் சமூகத்தாரின் கட்டாயக் கடமையாக இருந்தது. 1760களின் இறுதியில்தான் கொழும்பை அடுத்த மருதானையில் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கினார்கள். நம் மளிகைக் கடைகளில் தடித்த பட்டையாகக் கிடைப்பது பெரும்பாலும் அதன் சீன உறவு. ஏலக்காய்த்தூள் போட்டாலும் குறையில்லை. என் ஓட்டு ஏலக்காய்க்கே.

இனி வறுவல். மெல்லிய சீவலை எண்ணெயில் பொரிப்பதற்கு அமெரிக்கர்கள் ஒரு பிறந்தநாள் கதை வைத்திருக்கிறார்கள். 1853இல் சரடோகா என்ற ஊரில் ஜார்ஜ் கிரம் என்ற சமையற்காரர், குறை சொன்ன வாடிக்கையாளர் மேல் கோபம் கொண்டு உருளைக்கிழங்கைத் தாள் போலச் சீவி வறுத்தாராம். கதை சுவையானதுதான். ஆனால் 1817இல் இங்கிலாந்தில் வில்லியம் கிச்சினர் வெளியிட்ட சமையல் நூலிலேயே உருளைச் சீவலை வறுக்கும் முறை இருக்கிறது. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் நேந்திரங்காயை வறுத்து, வெல்லப்பாகில் புரட்டி, சுக்குத்தூள் சேர்க்கும் சர்க்கரை வரட்டிக்கு இப்படி ஒரு கோபக்காரரும் தேவைப்படவில்லை.

மைதாவில் செய்யும் இனிப்பு வறுவல் நம் பக்கத்தில் டைமன் பிஸ்கட் என்று பெயர் பெற்றது. மராட்டியர் இதையே சங்கர்பாளி என்பர். அது சர்க்கரைத் துண்டு என்று பொருள்படும் பாரசீகச் சொல்லின் திரிபு. நெல் விளையும் தமிழகத்தில் கோதுமை மாவு ஏழை வீட்டு அடுப்பங்கரை வரை வந்ததற்குப் பஞ்சமும் ஒரு காரணம். அமெரிக்காவின் பி.எல். 480 சட்டம் 1954இல் வந்தது. அதன்கீழ் இந்தியா 1956இல் உடன்பாடு செய்துகொண்டது. 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்தன. 1966இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் கப்பலில் வந்து இறங்கியது. அரிசி கிடைக்காமல் கோதுமைக்காக ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று மைதா பலகாரம் பண்டிகைத் தின்பண்டம்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தம்ளர் மைதா அல்லது கோதுமை மாவு, இரண்டு மேசைக்கரண்டி நெய், இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சீனி, ஒரு சிட்டிகை உப்பு. குறைந்த நீரில் கெட்டியாகப் பிசைந்து கால் மணி ஊறவிட்டு, மெல்லியதாகத் தேய்த்து, முள்கரண்டியால் குத்தி, சாய்சதுரமாக வெட்டி, மிதமான தீயில் பொரிக்கவேண்டும். குத்தாவிட்டால் ஆவி உள்ளேயே தங்கிப் பூரியாக உப்பிவிடும். எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் மீந்த சப்பாத்தியை முக்கோணமாக நறுக்கி, நெய் தடவி, சீனி தூவி, தோசைக்கல்லில் சிறு தீயில் உலர்த்தலாம்.

எண்ணெயில் போட்டதும் சலசலவென்று கொப்புளம் எழுகிறதே, அது எண்ணெய் கொதிப்பது அன்று. மாவிலுள்ள நீர் கொதிப்பது. நீர் இருக்கும்வரை துண்டின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆகவே அது சிவக்காது. கொப்புளம் அடங்கினால் நீர் தீர்ந்தது என்று பொருள். அதன்பின் வெப்பநிலை விரைந்து ஏறும், நிறம் மாறும். மாவிலுள்ள அமினோ அமிலமும் சர்க்கரையும் வெப்பத்தில் வினைபுரிந்து நிறமும் மணமும் தருவதை 1912இல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலார் விளக்கினார். அந்தப் பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மாவுப் பண்டங்களை மிகுதியாக வறுத்தால் அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் உண்டாவதை 2002இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சட்டியிலிருந்து எடுத்த உடனே எண்ணெயை வடியவிடுவதும் முக்கியம். பொரியும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே புகாது. ஆறும்போது உள்ளே எஞ்சிய ஆவி நீராகச் சுருங்கி வெற்றிடம் போன்ற நிலை ஏற்படுகிறது. மேற்பரப்பில் ஒட்டியுள்ள எண்ணெயை அது அப்போதுதான் உறிஞ்சிக்கொள்கிறது.

பழத்தை நறுக்குவதிலும் ஒரு வரலாறு உண்டு. வெட்டிய வாழைப்பழமும் ஆப்பிளும் ஏன் கறுக்கின்றன, எலுமிச்சையும் ஆரஞ்சும் ஏன் கறுப்பதில்லை? ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி 1920களில் இந்தக் கேள்வியில் ஈடுபட்டார். வெட்டும்போது உயிரணுக்கள் உடைந்து, அவற்றிலுள்ள ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு பழத்தின் பீனால் பொருள்களைக் கறுக்கச் செய்கிறது. எலுமிச்சை வகைகளில் இதைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருந்தது. 1928இல் அவர் பிரித்தெடுத்த அந்தப் பொருள்தான் வைட்டமின் சி என்று பின்னர் உறுதியாயிற்று. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டுப் பெண்கள் பழத்தின்மேல் எலுமிச்சை பிழிவது இதே வேலையைத்தான் செய்கிறது. சீனியை மட்டும் பழத்தில் முன்கூட்டியே போடக்கூடாது. சவ்வூடு பரவலால் சாறு வெளியே இழுக்கப்பட்டுத் தட்டில் குளம் கட்டும். இதை 1877இல் பெஃபர் அளந்து காட்ட, வான்ட் ஹாஃப் கணக்காக்கி 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். பழத்தையும் வறுவலையும் ஒரு மூடிய டப்பாவில், ஒன்றையொன்று தொடாமல் வைத்தாலும் மறுநாள் வறுவல் நமுத்துப் போயிருக்கும். எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அந்த நீர் எவ்வளவு எளிதில் ஆவியாகத் தப்பிச் செல்லும் என்பதே இங்கே முக்கியம். இதற்கு நீர்ச் செயல்திறன் என்று பெயர். தூய நீருக்கு அது 1. பழத்துண்டுகளில் 0.97க்கு மேல் இருக்கும். தேனில் ஏறத்தாழ 0.6. மொறுமொறுப்பான வறுவலில் 0.3 அளவு. உயரத்திலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவது போல, அதிகச் செயல்திறன் உள்ள பொருளிலிருந்து குறைந்ததற்கு ஆவி நகர்ந்துகொண்டே இருக்கும். 0.35க்கும் 0.5க்கும் இடையில் மொறுமொறுப்பு போய்விடுகிறது என்று 1981இல் காட்ஸ், லபூசா என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். ஐப்பசி மழையில் மதுரைக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும்போது திறந்து வைத்த முறுக்கு நமுப்பதற்கும் இதே காரணம்.

உறைந்த சர்க்கரைப் பூச்சு ஒருவகைக் கண்ணாடி. உலர்ந்த நிலையில் சீனிக் கண்ணாடி 60 டிகிரிக்கு மேல்தான் இளகும். சிறிது ஈரம் ஏறினாலும் அந்த எல்லை அறை வெப்பநிலைக்கு இறங்கிவிடும். வெல்லத்தில் குளுக்கோசும் பிரக்டோசும் கலந்திருப்பதால் அது இன்னும் வேகமாக ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். சர்க்கரை வரட்டியின்மேல் கடைசியில் உலர்ந்த பொடியைத் தூவிப் புரட்டுவது இதற்காகவே. சுவைக்கு வெல்லம், மொறுமொறுப்புக்குச் சீனி. இரண்டையும் ஒருசேர எதிர்பார்க்க முடியாது. வறுவலின்மேல் மெல்லிய நெய்ப் பூச்சு இருந்தால் ஈரம் ஏறுவது சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். இரண்டையும் தனித்தனியே வைத்து உண்ணும்போது சேர்ப்பதே வழி.

இதே சிக்கலுக்கு நேர் எதிரான ஒரு தீர்வு மதுரைக்கு அருகிலேயே இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் மொறுமொறுப்புக்கு ஆசைப்படாமல், பழத்திலுள்ள நீரைத் தப்பவிடாமல் கட்டிப்போடுகிறார்கள். வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு. ஒரு துளி நீர்கூடச் சேர்ப்பதில்லை. மிகுந்த சர்க்கரை நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்கு அது கிடைப்பதில்லை. நீர்ச் செயல்திறன் குறைந்தால் நுண்ணுயிர் வளர்ச்சி தடைப்படுவதை ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஸ்காட் 1953இல் அளந்து நிறுவினார். பழனியில் அந்த அளவீட்டுக்குக் காத்திராமலே பஞ்சாமிர்தம் கெடாமல் இருந்து வந்தது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் எந்த வாழைப்பழமும் அதற்கு ஒத்துவராது. சதையில் நீர் குறைந்த விருப்பாட்சிப் பழமே ஏற்றது. பழனி மலைச் சரிவுகளில் விளையும் இந்த விருப்பாட்சியும், திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் விளையும் மலைவாழையும் மதுரைச் சந்தைக்கு மணம் சேர்த்தவை. 1970களில் முடிக்கொத்து நோய் இந்தத் தோட்டங்களில் பரவியது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி பரப்பும் நச்சுயிரி நோய் அது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. வாழை விதையால் பரவும் பயிர் அன்று. பக்கக்கன்றை எடுத்து நடுவதால், நோயும் கன்றோடு சேர்ந்தே மலையெங்கும் நடப்பட்டது. ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நின்ற மலைவாழை மிகச் சுருங்கிப் போயிற்று. பல தலைமுறையாக வாழையை நம்பிய மலைக் குடியானவர்கள் காபிக்கும் மிளகுக்கும் மாறினார்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் இதில் இறங்கியது. நச்சுயிரி இல்லை என்று சோதித்தறிந்த தாய்மரங்களிலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்றுகளை உண்டாக்கி உழவர்களுக்குக் கொடுத்தார்கள். 2008இல் விருப்பாட்சி, சிறுமலை ஆகிய இரண்டு வாழைகளும் புவிசார் குறியீடு பெற்றன. இருந்தும், நோய்ப்பட்ட மரத்தை வேரோடு அகழ்ந்து அழிக்காமல் ஓர் உழவர் விட்டுவைத்தாலும் பக்கத்துத் தோட்டத்துக்கு அசுவினி போய்விடும். அதனால் புதுக்கன்று நட்டவர்கள் இன்றும் குருத்தின் அடியிலும் இலைக்காம்பின் இடுக்கிலும் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.